காலையில் தெரியாத நோய்

டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. வராமல் என்ன செய்யும்? இருபத்தெட்டு வருஷமாக அவர் பார்த்தது நரம்புக்கும் தசைக்கும் நடுவே வரும் கோளாறுகளை. அதைவிட அதிகம் பார்த்தது, அந்த நோயாளிகளை 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பிய சக டாக்டர்களை.

அவர் ஆராய்ந்த நோய்களில் ஒன்று பொல்லாதது. தூங்கி எழுந்தால் தசையில் தெம்பு இருக்கும். வேலை செய்யச் செய்ய வடிந்துவிடும். சாயங்காலம் இமை தொங்கும், பேச்சு குழறும். ஆஸ்பத்திரியோ நோயாளிகளைக் காலையில் மட்டுமே பார்க்கும். அந்த நேரத்தில் எல்லாம் சரியாக இருக்க, கோளாறு மனசில் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒவ்வொருவருக்கும் சராசரி மூன்று வருஷம் வீணானதைக் கணக்கெடுத்து டாக்டரம்மா கட்டுரை எழுதினார். இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று அது திரும்பி வந்தது. பழைய அநியாயம் என்றால் அநியாயம் இல்லையோ?

அன்றிலிருந்து அவர் மட்டும் சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்தார். அதுவும் லிஃப்ட் இருக்கும்போதே, இரண்டு மாடி படியேறி வரச்சொல்லி. கிறுக்கு என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்படி மூச்சிரைக்க ஏறி வந்தவர்தான் அந்த ஸ்கூல் டீச்சர். நாலு வருஷமாக வீட்டில் மாமியார் நடிப்பு என்றார், கணவர் சோம்பல் என்றார். பள்ளிக்கூடம் ஒருபடி மேலே போய், பொய் சொல்கிறாரா என்று பார்க்க மருத்துவக் குழுவுக்கே எழுதிவிட்டது. குழு கைவிரித்தால் வேலை போய்விடும். ரத்தப் பரிசோதனையிலும் நோய் தெரியவில்லை, சிலருக்கு இந்த நோய் அதில் தெரியாது. டாக்டரம்மா கொடுத்த சான்றிதழைக் குழு ஏற்கவில்லை. சாயங்காலம் வைத்துப் பாருங்கள் என்று கேட்டதற்கு, குழு கூடுவது காலை பத்து மணிக்குத்தான் என்று பதில் வந்தது.

பத்து மணிக்கு டீச்சரோடு டாக்டரம்மாவும் போய் உட்கார்ந்தார். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினார். எல்லாம் சரி என்று தலைவர் பேனாவை எடுத்தபோது, டாக்டரம்மா டீச்சரின் ஃபைலை டீச்சர் கையிலேயே கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

ஒன்றுமில்லை, நடிப்பு, மனப்பிரமை என்று நாலு வருஷத்துக் குறிப்பும் அதில் இருந்தது. முதல் இரண்டு பக்கம் வகுப்பறைக் குரல் கணீரென்று வந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலாம் பக்கத்தில் பேச்சு மூக்கால் வந்தது. ஆறாம் பக்கத்தில் உதடு ஒட்டவில்லை. எட்டாவதில் டீச்சர் ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு வாசித்தார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

தலைவர் போதும் என்று சொல்லி, நோய் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது. அதோடு விட்டிருக்கலாம்.

"முதல்லயே இதைத் தெளிவா சொல்லியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா" என்றார்.

டீச்சரால் பதில் சொல்ல முடியவில்லை. டாக்டரம்மா எழுந்தார்.

"நாலு வருஷமா தெளிவாத்தான் சொன்னாங்க, சார். பேச்சு போனப்புறம்தான் உங்க காதுல விழுந்திருக்கு."