யோகனுக்கு எழுதிய நாலு பக்கம்

போன ஞாயிறு பின்னேரம் மட்டக்களப்பில் இளைஞர்கள் சிலர் போட்ட ஒரு நாடகம் பார்த்தேன். பாடசாலை மண்டபம். மூன்று மின்விசிறிகள் — சுற்றியது ஒன்றுதான். பக்கத்தில் என் நண்பன் யோகன், மண்டூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட சிநேகம். டிக்கெட்டும் அவன்தான் எடுத்திருந்தான். "ரெண்டு கிழட்டுக் கூட்டாளிமார்ர கதையாம் மச்சான். நாமளும் போய்ப் பாப்பம்" என்று போனில் சொன்னான்.

கதை இதுதான். நண்பர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட ஒரு கிழவர், அஞ்சலி உரை எழுதிக்கொண்டு செத்த வீட்டுக்கு வருகிறார். வந்து பார்த்தால் 'செத்தவர்' வாசலில் கதிரை போட்டுத் தேநீர் குடிக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆள் மாறிவிட்டது. வந்தவருக்குப் பெரிய ஏமாற்றம்!

மண்டபத்திலேயே பெரிய சிரிப்பு என்னுடையது. அப்போது மேடையில் அந்தக் கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "அடடா, நான் எழுதி முடிச்சிட்டனே..."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு வியர்த்தது. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை உங்களிடம் சொல்லாத விஷயம்.

இங்கே யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சடிப்பார்கள் அல்லவா? அதில் ஒரு கட்டுரை என்னுடையதாக இருக்கும். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்று கேட்பார்கள், நானும் மறுப்பதில்லை. மறுப்பதில்லை என்ன... பிடிக்கும்.

போன வருடம் யோகனுக்கு நெஞ்சுவலி. இங்கே நகரத்து ஆஸ்பத்திரியில்தான் வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் தெரிந்தவர் ஒருவர் போன் எடுத்தார். "யோகன் முடிஞ்சிட்டானாம்."

என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தால் கால் மணி நேரம். எழுந்து போனேனா? போனேன் — மேசைக்கு.

அழுதேன், பொய் சொல்லவில்லை. அழுதுகொண்டே எழுதினேன். எங்கள் இருபது வயதில், மண்டூர்க் கோயில் திருவிழா முடிந்து வாவியைக் கடக்கும்போது தோணி கவிழ்ந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. யோகன்தான் என் சேட்டுக் கொலரைப் பிடித்துக் கரைவரை இழுத்து வந்தான். என்னைச் சேற்றில் போட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "பிரசாதம் எங்கடா?" நாலு பக்கமும் தடையில்லாமல் வந்தன. வாசித்துப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

பின்னேரம் அதே ஆள் மறுபடியும் போன். "பிழையாச் சொல்லிட்டன். போனது பக்கத்துக் கட்டில் ஆளாம்."

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "அடடா, நான் எழுதி முடிச்சிட்டனே."

அதோடாவது விட்டேனா? இரண்டு மாதத்தில், அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் காலமானார். தெருவில் கண்டால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். மகள் மலருக்குக் கட்டுரை கேட்டார். மேசை லாச்சிக்குள் நாலு பக்கம் சும்மா கிடந்தது... பெயரை மாற்றினேன். தோணியை மாற்றவில்லை.

மலர் வந்த பிறகு அந்த மகள் போனில் அழுதார். "அப்பா தண்ணிக்குப் பயந்தவர் எண்டுதான் நாங்க நினைச்சிருந்தம் சேர்." நான் கூசாமல் சொன்னேன், "அவர் தன்னடக்கமான மனிசன் பிள்ள."

யோகனைப் பார்க்க மட்டும் நான் போகவே இல்லை. எந்த முகத்தோடு போவது?

நாடகம் முடிந்து வாவிக்கரைக் கடையொன்றில் பால் விடாத பிளேன்ரீயோடு உட்கார்ந்தோம். "பொடியள் நல்லாத்தான் எழுதியிருக்குதுகள்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"எழுதினது பொடியள். கதை சொன்னது நான்" என்றான் யோகன்.

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்குப் போன் எடுத்தவன் அண்டைக்கே என்னட்டச் சொல்லிச் சிரிச்சான். எனக்குக் கோவமில்ல. செத்துட்டன் எண்டு கேட்டு நாலு பக்கம் எழுதினாய். உசிரோட இரிக்கன் எண்டு கேட்டு ஆஸ்பத்திரிக்கும் வரல்ல, மண்டூருக்கு ஒரு பஸ் ஏறியும் வரல்ல. சரி, அதையும் விடுவம். மறுகா அந்த மலரப் பாத்தன். தோணியில வேற ஆள் இரிக்கார்."

அவன் குரல் அந்த இடத்தில்தான் உடைந்தது. "எனக்கெண்டு சொல்லிக்கொள்ள அது ஒண்டுதான்டா கிடந்திச்சு."

கூனிக் குறுகிப் போனேன். என் உயிரைக் காப்பாற்றியவனிடமிருந்து, காப்பாற்றிய கதையையே களவெடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன்.

"என்னட்ட வேணாம். அந்தப் பிள்ளைக்கிட்ட உண்மையச் சொல்லு. சொல்லிட்டு மண்டூருக்கு வா." பஸ் வந்தது, ஏறிவிட்டான்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நேற்றுத்தான் அந்த மகளுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், இங்கே எழுதப் போவதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப எங்கட அப்பாவப் பத்தி உங்களுக்கு ஒண்டுமே தெரியாதா சேர்?"

"தெரியாது பிள்ள" என்றேன். மலருக்குக் கட்டுரை கேட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில்.

நாளைக்கு மண்டூருக்குப் போகிறேன். பேனாவை வீட்டில் வைத்துவிட்டுத்தான்.