நாற்பத்தோராம் இருக்கை

"கையை விரிங்க. நல்லா விரிங்க. விரல் இடுக்குல என்ன அது, மையா, மச்சமா?"

லிஃப்ட் மெக்கானிக் உரிமத் தேர்வு எழுத வந்தவர்களின் வரிசை மண்டப வாசலிலிருந்து தெருக்கதவு வரை நிற்கிறது. தலைமைக் கண்காணிப்பாளர் ஒவ்வொரு உள்ளங்கையாகப் பார்க்கிறார். வலது, இடது, புறங்கை, பிறகு நகக்கண். சந்தேகம் வந்தால் எச்சில் தொட்டுத் தேய்க்கச் சொல்வார். கை முடிந்தால் காது. சட்டைப்பையில் செருகியிருக்கும் பேனா டார்ச்சை அடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். என்றோ ஒருவன் பட்டாணி அளவில் ஒரு கருவியைச் செவிக்குள் வைத்துக்கொண்டு வந்து மாட்டினான். அன்றிலிருந்து இத்தனை ஆண்டுகளில் அவர் கண்டது அழுக்கு மட்டும்தான். ஆனாலும் விடுவதில்லை. எழுத வருகிறவர்கள் அவருக்கு 'ஸ்கேன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது காதுக்கு எட்டியதும் கோபப்படுவார் என்று நினைத்தார்கள். அவரோ அதை வீட்டில் மனைவியிடம் மூன்று தரம் சொல்லி மகிழ்ந்தார்.

தண்ணீர் பாட்டிலின் காகிதத்தை உரித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். ரப்பரை அழுத்திப் பார்ப்பார், கால்குலேட்டரின் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார். தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்பே கழிப்பறைக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவுவார். போன வருடம் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த பிட் ஒன்று கிடைத்தது. அதைக் கொடியில் காயப்போட்டதுபோலத் தன் மேசை விளிம்பில் நாள் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார். "இந்த மூளைய புஸ்தகத்துல காட்டியிருந்தா எப்பவோ பாஸாயிருப்பானுங்க. தண்டப் பசங்க" என்பது, உதவிக்கு வரும் டீச்சரிடம் அவர் வருடம் தவறாமல் சொல்கிற வாசகம். டீச்சரும் வருடம் தவறாமல் தலையாட்டுவாள்.

தொழிற்பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு வருடம் லிஃப்ட் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். காசு கீசு தொடமாட்டார். அதை அவரே எல்லோரிடமும் சொல்லியும் விடுவார். அவருக்கு வேண்டியதெல்லாம் வருடத்துக்கொரு முறை வீடு தேடி வரும் நியமனக் கடிதமும், கை வைத்த நாற்காலியும், அழுத்தினால் அறுபது பேர் பேனாவைக் கீழே வைக்கிற மணியும்தான். அந்த நாற்காலிக்காகத்தான் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார். அதே நாற்காலிக்காகத்தான் பார்க்காமலும் இருக்கிறார்.

மண்டபத்தின் பின்பக்கம் ஒரு தூண் இருக்கிறது. இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற தடிமன். அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் மேசையிலிருந்து பார்க்கிறவருக்குத் தலைமுடிகூடத் தெரியாது. அதுதான் நாற்பத்தொன்று. யாருக்கு எந்த இருக்கை என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்யவேண்டும் என்பது விதி. கண்ணாடி ஜாடியை எல்லோர் முன்னிலும் தலைக்குமேல் தூக்கிக் குலுக்குவார். ஆனால் முதல் நாளே மேலிடத்திலிருந்து போன் வந்திருக்கும். "நம்ம பையன் ஒருத்தன் வர்றான். கொஞ்சம் பார்த்துக்குங்க." "பார்த்துக்கறேங்க" என்பார், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று. மறுநாள் 'நம்ம பையன்' ஜாடிக்குள் கை விடுவதற்குள், "நகரு, நானே எடுத்துத் தர்றேன்" என்று சலித்துக்கொள்வதுபோலத் தானே கையை விடுவார். நாற்பத்தொன்று காலையிலிருந்தே அவருடைய உள்ளங்கையில், இரண்டு விரல்களுக்கு நடுவே மடித்திருக்கும். அறுபது பேர் கையையும் விரித்துப் பார்க்கிறவரின் கையை விரிக்கச் சொல்ல ஆள் கிடையாது.

இந்த வருடமும் அப்படித்தான். அன்று காலை, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவனின் செருப்பைக் கழற்றச் சொன்னார். எட்டு வருடமாக இன்னொருவர் உரிமத்தின் கீழ் எடுபிடியாக லிஃப்ட் வேலை பார்க்கிறவன். செருப்பின் உட்பக்கம் இரும்புக் கயிற்றின் பருமனும் அது தாங்கும் எடையும் பொடி எழுத்தில் இருந்தன.

"சார், வேலை நல்லா தெரியும் சார். இந்த அட்டவணை மட்டும் மண்டையில நிக்க மாட்டேங்குது" என்றான்.

"நாளைக்குக் கயிறு அறுந்து ஜனங்க தொங்கிட்டிருக்கும்போது செருப்பைக் கழட்டிப் படிச்சுட்டிருப்பியா?"

வரிசை சிரித்தது. மூன்று வருடத் தடை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிட் என்றால் பிட்தான். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனான். அரை மணி கழித்து, தூணுக்குப் பின்னாலிருந்து பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. விடைத்தாளின் சத்தமில்லை, தடிப் புத்தகத்தின் சத்தம்.

"சார், பின்னாடி ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?" என்றாள் டீச்சர்.

"அங்க நான் பார்த்துக்கறேன் டீச்சர். நீங்க வாசலப் பாருங்க."

கடுகு போன இடத்தை ஆராய்கிறவருக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு ஏழாவது மாடியில். ஆறு வருடமாக அவர் லிஃப்டில் ஏறியதில்லை. தூணுக்குப் பின்னால் முதல் ஆளை உட்கார வைத்த வருடத்திலிருந்து என்று கணக்குப் போட்டுப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்பார். எந்த டாக்டரும் அந்த முழங்காலைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார். மனைவி, மளிகைப் பையோடு லிஃப்டில் போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இவர் மூச்சு வாங்கும் சத்தம் வாசலுக்கு வரக் காத்திருப்பாள்.

போன மாதம் அந்தக் கட்டடத்து லிஃப்ட் பராமரிப்பு கைமாறியது. புதிய ஆளின் உரிம நகலைச் சட்டம் போட்டுக் கீழ்த்தளத்துச் சுவரில் மாட்டினார்கள். அவர் பேனா டார்ச்சை அடித்துப் பார்த்தார். படத்தில் இருந்தவன் நாற்பத்தொன்றில் உட்கார்ந்தவனேதான், அதே மீசை. இரண்டே வாரத்தில் மனைவி சொன்னாள், "என்னங்க, இப்பல்லாம் லிஃப்ட் ரெண்டு விரக்கடை கீழ போய் நிக்குது. கால் தடுக்குது."

பிரேக் பிடிமானம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பதினெட்டு வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்திய பாடம். அன்று மாலை புகார் எழுத உட்கார்ந்தார். 'பெறுநர்' என்று எழுதினார். விசாரணை என்று வந்தால் இவன் எப்படித் தேர்வானான் என்று கேட்பார்கள், யார் கண்காணிப்பாளர் என்று கேட்பார்கள், அடுத்த வருடம் கடிதம் வராது. தாளை நான்காக மடித்துக் கிழித்துப் போட்டார். "பார்த்துப் போ" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

நேற்று மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அறுவைப் பிரசவம், பத்து நாள் குழந்தை கையில். அவள் அம்மா ஓடிப்போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். பெட்டி வந்து, இரண்டு விரக்கடையல்ல, நான்கு விரக்கடை கீழே நின்றது.

"படியில போயிடலாமா?" என்றார்.

"அப்பா, தையல் போட்டிருக்கு. ஏழு மாடி எப்படிப்பா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். சுவரில் மீசைக்காரன் கண்ணாடிக்குள் இருந்தான். மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்குவதுபோல ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"குழந்தைய எங்கிட்ட குடு" என்றார்.

"எதுக்குங்க? நீங்க படியிலல்ல வருவீங்க" என்றாள் மனைவி.

"குடுன்னா குடு. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் மெதுவா தூக்கிட்டு வர்றேன்."

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது. மேலே எங்கோ கயிறு முனகியது.

முதல் திருப்பத்தில் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பெட்டி ஏறுகிற சத்தம் கேட்டது. நான்காவதில் ஒரு குலுக்கல், பிறகு மறுபடி ஏறியது. ஏழில் கதவு திறந்ததும்தான் மூச்சு விட்டார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, கை மூடியிருந்தது. அவர் சுட்டுவிரலை நுழைத்து அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையைப் பார்த்தார்.