மச்சான் களவும் மஞ்சள் தீனியும்

தென்கடல் தீவொன்றில் ஓடும் வைந்தினா ஆற்றங்கரை ஊர்களில் எமோரியைப்போல் கோழிக்குத் தாயாக இருந்த ஆண்மகன் வேறொருவர் இல்லை. கொட்டகைக்குள் நுழையுமுன் கால் கழுவிக்கொள்வார். ஆலயத்திற்குப் போகும்போதுகூட அத்தனை கவனமாகக் கழுவியதில்லை என்பது அவர் மனைவி உனாய்சியின் சாட்சியம்.

அப்பக்கத்தில் இறைச்சிக்கோழி வளர்ப்போர் கடையில் விற்கும் மருந்துப் பொடியைத் தீனியில் கலப்பர். எமோரிக்கு அது உடன்பாடன்று. பூண்டும் இஞ்சியும் காட்டு மஞ்சளும் குடலைக் காத்து உடலை வளர்க்கும் என்பது அவர் கொள்கை. கொள்கையோடு நின்றிருந்தால் வம்பில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை நடுவே எழுந்து நின்றார்.

"புதுப் போதகர் விருந்துக்கு டவுன்லேர்ந்து ஐஸ் கோழி வேண்டாம். மருந்தே படாத என் கோழி போதும்."

வாக்குக் கொடுத்தபின் அச்சம் வந்தது. அச்சம் வந்தபின் அளவு ஏறியது. ஒரு சிட்டிகை நன்மை செய்யுமாயின் கை நிறைய அள்ளிப் போட்டால் எத்தனை நன்மை விளையும்! தீனித் தொட்டி மஞ்சள் குளமாயிற்று. கோழிகள் அருகே வந்து, காரம் தாங்காமல் தலையைச் சிலிர்த்து, விலகிப் போயின. நாட்கள் பல கழிந்தும் அவை புறாக்களோடு உறவு கொண்டாடும் உருவிலேயே நின்றன.

தாய்மாமன் மகன் வைசாகே வேலியில் சாய்ந்து பார்த்தார்.

"என்ன மச்சான், போதகருக்கு எலும்பைக் காட்டி ஜெபம் பண்ணப் போறியா?"

"வளரும்டா. மூலிகை மெதுவாத்தான் வேலை செய்யும்."

"ஆமா, அடுத்த போதகர் வர்றதுக்குள்ள வளந்துரும்."

பேச்சோடு பேச்சாக வைசாகே உள்ளே வந்து, ஆணியில் தொங்கிய பூண்டுச் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். இஞ்சிக் கூடை ஒரு கையிலும் மஞ்சள் டப்பா மறு கையிலும் ஏறின. "மீன் குழம்பு சப்புன்னு இருக்குன்னு வீட்டுல புலம்பல்."

அவ்வூரில் மச்சான் கேளாமல் எடுப்பது உரிமை, முகஞ்சுளிப்பது இழுக்கு. எமோரி சிரித்தார். சிரிப்பில் பல் மட்டுமே இருந்தது.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. எமோரி தோண்டி, உலர்த்தி, இடித்து வைப்பார். வைசாகே வந்து அள்ளிப் போவார். டப்பாவின் அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தீனியில் தூவுவதே கோழிகளுக்கு மிச்சம்.

ஒருநாள் உனாய்சி கொட்டகை வாயிலில் நின்று சொன்னாள்: "தொட்டி காலி, பாத்தீங்களா? இப்பத்தான் அதுங்க சாப்பிடுதுங்க."

"மஞ்சள் இப்பத்தான் உடம்புல இறங்கியிருக்கு."

"எங்க இறங்குச்சு? எல்லாம் வைசாகே அண்ணன் வீட்டுக்குல்ல போயிருச்சு."

எமோரி ஒப்பவில்லை. வைசாகே வயலுக்குப் போய்த் தங்கிய வேளை பார்த்து, பழையபடி கைநிறையக் கலந்தார். கோழிகள் பழையபடி தலையைச் சிலிர்த்தன. அவர் ஒவ்வொரு கோழியாகப் பார்த்தார். பின் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, புதுத் தீனி இட்டு, ஒரு சிட்டிகை மட்டும் தூவினார். மனைவி பார்க்கிறாளா என்று திரும்பியும் பார்த்துக்கொண்டார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

விருந்தன்று, மண்மூடிய குழியடுப்பைத் திறந்தபோது கோழிகள் கொழுத்துப் பளபளத்தன. போதகர் மறுமுறையும் வாங்கி உண்டு, "என்ன போட்டு வளத்தீங்க?" என்றார்.

சபை திரும்பியது. வைசாகே கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"பூண்டு, இஞ்சி, மஞ்சள்," என்று தொடங்கிய எமோரி வைசாகேயின் பக்கம் திரும்பினார். "அளவுக்கு ஒரு மச்சான்."

"பொறந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் உண்மை பேசுறான்," என்றார் வைசாகே.

 எமோரி கையை நீட்டி, வைசாகேயின் தட்டிலிருந்த கோழிக்காலைக் கேளாமல் எடுத்துக் கடித்தார். வைசாகே சிரித்தார். இம்முறை பல் மட்டும் இருந்தது அவர் சிரிப்பில்.