ஆணியில்லாத படகு

ஆக்லாந்தில், ஹில்ஸ்பரோ சரிவின் கீழே, மனுகாவ் குடாக் கரையில் நிற்கிறேன். மலேசியத் தமிழர் செல்வம், பழங்காலச் சுமத்ராவின் ஸ்ரீவிஜயக் கப்பலோட்டிகளைப் போல ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த படகை முதன்முறையாகத் தண்ணீரில் இறக்குகிறார். ஆறு வருட உழைப்பு. தையல் துளைகளை எண்ணிவிட்டேன்: நானூற்றுப் பன்னிரண்டு.

"அவங்க இதுல வந்து இங்க ஆண்டிருந்தா, காசுல ராணி தலை இருக்காது, அங்கிள். ஸ்ரீவிஜய ராஜா தலைதான்!" என்கிறார் செல்வம்.

படகுக்குள் தண்ணீர் கசிந்து இரண்டு விரல் உயரம் ஏறுகிறது. "ஐயோ, மூழ்குது!" என்று கத்துகிறேன்.

"பயப்படாதீங்க லா. மரம் தண்ணி குடிச்சு உப்பணும், அப்பதான் தையல் இறுகும்" என்று மலேசிய 'லா' போட்டுச் சொல்கிறார்.

நாற்பது நிமிடத்தில் கசிவு நின்றே விடுகிறது. அவர் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் கை நீட்டுகிறார்.

"ஏறுங்க அங்கிள், நாட்டைப் பிடிச்சிருவோம்."

நீந்தத் தெரியாத நான் செருப்பைக் கழற்றுகிறேன்.