இருபத்தோராவது கேள்வி: என் முதல் வாடகை வீடு

புரோக்கர் ஜெயம் அண்ணை அட்வான்ஸுக்குத் தந்த தவணை வெள்ளிக்கிழமை. அவர் காட்டிய வெள்ளவத்தை பிளாட்டை வாங்குவதென்று நான் செவ்வாய்க்கிழமையே முடிவு கட்டிவிட்டேன். இடையில் இருக்கும் நாட்களை எப்படிக் கடத்துவது என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

இன்று என் பொறுப்பில் ஐந்து வீடுகள் வாடகையில் ஓடுகின்றன. முதல் வீடு தேடும் தம்பி தங்கைகள் வந்து என்னிடம் கணக்குக் கேட்கிறார்கள். கணக்கை யாரும் சொல்லித் தருவார்கள். நான் விட இருந்த பிழையைச் சொல்கிறேன்.

1. சீ.ஆர். கொப்பி

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கொழும்பு பம்பலப்பிட்டியில் கட்டட வரைபடம் போடும் ஒரு கந்தோரில் வேலை. இருந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு போர்டிங் அறையில். வடக்கே எங்கள் ஊரில் சண்டை. எங்கள் வீடு வளவுக்கு யாரும் போக முடியாது. ரொறன்ரோவில் அண்ணன் இரண்டு வேலை செய்து சேர்த்ததை என்னை நம்பி அனுப்பியிருந்தான்.

"கொழும்பில ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடு. எனக்கு இது ஒருக்காத்தான் ஏலும். யோசிச்சுச் செய்" என்றான் தொலைபேசியில்.

மீதிக்கு வங்கிக் கடன். வீடு இரண்டு மாதம் வெறுமையாகக் கிடந்தாலே என் சம்பளம் கடன் தவணைக்கே போய்விடும்.

யோசிப்பது எனக்குப் பிடித்த வேலை. சீ.ஆர். கொப்பி என்கிற தடித்த கணக்கு நோட்டொன்றில் இருபது கேள்விகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி வைத்தேன். சுவரில் ஈரம் உண்டா, மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுமா, உறுதிப் பத்திரத்தில் சிக்கல் உண்டா, பஸ் எவ்வளவு தூரம். கந்தோர் முடிந்ததும் டேப்பும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். இரண்டு மாதத்தில் பதினேழு வீடுகள். முகத்துவாரத்தில் ஒரு வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. ஏனென்று கேட்டேன். "கதவு பொருத்தின தச்சன் பிழையாப் பூட்டிப்போட்டான். பதினொரு வருசமாப் பாட்டுப் பாடித்தான் குளிக்கிறம்" என்றார் வீட்டுக்காரர். அதற்கும் ஒரு புள்ளி குறைத்தேன்.

கடைசியில் இரண்டு வீடுகள் நின்றன. கொட்டாஞ்சேனையில், என் போர்டிங்கிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி, ஒரு மாடிவீட்டின் மேல்தளம், ஐம்பத்தொன்பது புள்ளி. குளியலறைக் கூரை ஒழுகியது. மற்றது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடி பிளாட், எண்பத்தெட்டு. ஜெயம் அண்ணை ஜன்னலைத் திறந்து, ரயில் பாதைக்கு அப்பால் தெரிந்த கடலைத் தானே வெட்டி நிரப்பியவர் மாதிரிக் காட்டினார். போன மாதம்தான் இருந்த ஆட்கள் வீட்டைவிட்டு எழும்பினார்கள், அடுத்த மாதமே வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்றார்.

2. கலா அக்கா

வாங்குமுன்பே வாடகைக்கு ஆளைப் பிடித்துவிடுவது என் சொந்தக் கெட்டித்தனம். எங்கள் ஊர்க் கலா அக்கா இரண்டு பிள்ளைகளோடு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார். கணவர் சுவிஸில். விசா வரும்வரை அவருக்கு ஒரு வீடு வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் பிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜெயம் அண்ணையும் சாவியோடு வந்தார்.

கடலைக் காட்டினேன். "ஓம், வடிவாயிருக்கு" என்றார், பார்க்காமலே. பிறகு விறுவிறென்று படியிறங்கிப் போய், கேற்றில் நின்ற காவல்காரரோடு தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார். திரும்பி வந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, பொலிஸ் பதிவுக்கு ஆர் வாறது?"

வடக்கிலிருந்து வந்து தங்குகிற எங்கள் ஆட்கள் பொலிஸில் பதிந்து, அதைத் தவணைக்குத் தவணை புதுப்பிக்க வேண்டும். இன்னார் என் வீட்டில் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பதிவுத் துண்டு இல்லாமல் பொலிஸ் சோதனையில் அகப்பட்டால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இது கொழும்பில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் கொப்பியில் இல்லை. என் போர்டிங் வீட்டுக்கார அன்ரி ஒவ்வொரு முறையும் அடையாள அட்டைப் பிரதியை வாங்கிக்கொண்டு தானே போய்ப் பதிந்துவிட்டு வருவார். நான் ஒருநாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

"அது சின்ன விசயம், பிறகு பாக்கலாம்" என்றார் ஜெயம் அண்ணை.

"போன வீட்டுக்காரரும் உப்பிடித்தான் சொன்னவர். பிள்ளையளோட விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரைக்கும் பொலிஸ் ஸ்டேசன் மர வாங்கில குந்தியிருந்தது நான்" என்றார் கலா அக்கா.

காவல்காரர் சொன்னதையும் அப்போதுதான் எனக்குச் சொன்னார். வடக்கிலிருந்து வந்து சில மாதம் தங்குகிறவர்களுக்கு வீடு விடக்கூடாதென்று அந்தக் கட்டடக் கமிட்டி முடிவெடுத்திருந்தது. அவர்கள் இருந்தால் முழுக் கட்டடத்துக்கும் சோதனை வருமாம். கமிட்டியில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்தான். பிளாட் பூட்டிக் கிடந்தது ஒரு மாதமில்லை, ஏழு மாதம்.

நான் ஜெயம் அண்ணையைப் பார்த்தேன். அவர் கடல் இருந்த பக்கம் பார்த்தார்.

3. ஐம்பத்தொன்பது புள்ளி

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கவில்லை. சனிக்கிழமை கலா அக்காவைக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒழுங்கையிலிருந்து மேலே ஏறத் தனிப்படி. கமிட்டி இல்லை. கீழ்த்தளத்தில், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களக் கிழவரும் மனைவியும். அவர்கள் கேட்டது, மேலே உரலில் இடிப்பீர்களா என்று மட்டும். கலா அக்கா ஒழுகும் கூரையின் கீழ் நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"நான் வாறன் அக்கா" என்றேன்.

"சேர்ட்டை உள்ளுக்கு விட்டுக்கொண்டு வாரும். வீட்டுக்காரர் மாதிரித் தெரிய வேணும்."

ஜெயம் அண்ணைக்குக் கோபம். கடலை விட்டுவிட்டு ஒழுகிற கூரையை வாங்குகிறவனைத் தான் இதுவரை காணவில்லை என்றார். கூரைக்குச் சீமெந்து உண்டு அண்ணை, அந்தக் கமிட்டிக்கு என்ன பூசுவது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். தரகுக் காசை மட்டும் குறைக்கவில்லை.

உறுதி எழுதி, கூரை பூசி, கலா அக்கா குடிவந்த மறுநாள் காலை, கந்தோருக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. மேசையிலிருந்தவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாராவது பெரியவர் வருகிறாரா என்றும் பார்த்தார்.

"கெதர காகெத?" வீடு யாருடையது என்று கேட்டார்.

"மகே" என்றேன்.

உறுதியில் கையெழுத்திட்டபோதுகூட எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னுடையது என்று முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அங்கேதான், அதுவும் சிங்களத்தில். அவர் முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்ததும் கலா அக்கா துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "சரியாச் சொன்னனீர். ஆனா சத்தம் காணாது. அடுத்த முறை கொஞ்சம் உரத்துச் சொல்லும்" என்றார். பதினான்கு மாதம் அங்கே இருந்தார். ஒவ்வொரு முறையும் நானே போனேன், ஒவ்வொரு முறையும் உரத்துச் சொன்னேன்.

முதன்முறை பொலிஸுக்குப் போய்வந்த அன்று மாலை கொப்பியை எடுத்து, முதலாம் கேள்விக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் இருபத்தோராவதை எழுதினேன். நீங்களும் டேப்பை விரிக்குமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வீட்டில் இருக்கப்போகிறவருக்காக நான் போய் நிற்பேனா? இதற்குப் புள்ளி இல்லை. ஓம் அல்லது இல்லை.