என் தோளுக்குரிய இடம்

நான் இலங்கை இராணுவத்தில் கப்டனாக இருந்தவன். தமிழன்தான், மன்னார்க் கத்தோலிக்கன். போரில் கண்ணிவெடி நிலத்துக்குள் காயப்பட்டுக் கிடந்தவர்களை இழுத்து வந்ததற்காக ஒரு பதக்கம் தந்தார்கள். இழுபட்டு வந்தவர்களில் ஒருவர்கூட நான் யாருடைய ஆள் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை மெல்பேர்னில்தான் கேட்டார்கள்.

அன்று அந்த நிலத்தில் குப்புறக் கிடந்தபோது ஒரு நேர்த்தி வைத்தேன். உயிர் தப்பினால் வருடாவருடம் திருநாள் ஊர்வலத்தில் மாதாவின் சுருவத்துக்குத் தோள் கொடுப்பேன் என்று. மெல்பேர்னின் கிரெய்கிபர்னுக்குக் குடிவந்த பிறகும் அதை விட்டதில்லை. போன வருடத் திருநாளுக்கு முன், விழாக்குழுத் தலைவர் வீட்டுக்கு வந்து கதிரை நுனியில் இருந்தார்.

"குறை நினையாதேங்கோ தம்பி. இந்த முறை நீங்கள் சுருவம் தூக்க வேண்டாம். ஆமியிலை இருந்தது இப்பதான் சனத்துக்குத் தெரியவந்திருக்கு. பின்னுக்கு நில்லுங்கோ. பதக்கம் கிதக்கம் போட்டுக்கொண்டு வந்திடாதேங்கோ."

அதுவரை அதை அணியும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை. அலுமாரியில் காலுறைகளுக்கு அடியில் கிடந்தது. அவர் சொன்ன பிறகுதான் தேடி எடுத்தேன்.

"உங்களுக்கு வீம்பு," என்றாள் மனைவி, குசினியிலிருந்து.

"ஓம், வீம்புதான்."

அந்தச் சனம் இராணுவத்திடம் பறிகொடுத்தவர்களை நான் மறந்தவனல்ல. ஆனால் நேர்த்தி நான் அவர்களோடு வைத்ததல்ல.

சுருவம் தூக்குபவர்களை உயரம் பார்த்துச் சோடி சேர்ப்பது எங்கள் வழக்கம். அந்த முறை என் இடத்தில் நின்றவர் எனக்குத் தோளளவுதான். கார் தரிப்பிடத்தைத் தாண்டித் திரும்பும்போது மாதா ஒரு பக்கமாகச் சரிந்தார். சனம் "மாதாவே!" என்று அலறியது. நான் யாரையும் கேட்கவில்லை. பதக்கம் சட்டையில் ஆட, என் இடத்தில் நின்றவரை விலக்கித் தோளைக் கொடுத்தேன்.

அப்போதும் கால்கள் ஒன்றாக விழவில்லை. என் வாய் தானாகக் கத்தியது: "வம! தகுண!" இடது, வலது. இராணுவத்தில் பழகிய சிங்களம். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு முன்னால் தூக்கிக்கொண்டிருந்த தலைவர் திரும்பாமலே சீறினார். "தமிழிலை சொல்லும்!"

வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் கூட.

"தமிழிலை எனக்கு ஒருத்தரும் அணிநடை பழக்கேல்லை அண்ணை. மாதா விழப்போறா. காலை வையுங்கோ. வம!"

தலைவர் இடது காலை எடுத்து வைத்தார்.