அப்பா மேல் வந்த சந்தேகம்

அப்பாவை நான் சந்தேகப்படத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமத்தில் அவர் கிறிஸ்தவ சபையில் ஆராதனை நடத்தும் உபதேசியார். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் மிராசுதார் வயல்களில் கூலி வேலை செய்கிறவர்கள். அறுபத்தேழில் ஆட்சி மாறியிருந்தது, ரூபாய்க்குப் படி அரிசி என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் ஊரிலோ, கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காக மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பை நடத்தினார். எங்கள் ஆட்கள் தடுக்கப் போன இடத்தில் அடிதடியாகிவிட்டது. எங்கள் வேதக்கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுக்கும் அண்ணன் ஒருவர் வரப்பிலேயே செத்துப்போனார். அவரை அப்பாதான் அடக்கம் செய்தார்.

அதற்குப் பிறகு வீட்டு ஜெபத்தில் அப்பா வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் விட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகத்தில் அச்சடித்த ஜெபத்தை, தாலுகா ஆபீசில் மனு வாசிக்கிற குரலில் வாசித்து முடிப்பார். ஆனால் தினமும் மத்தியானம் மூன்று மணிக்குக் கோயிலுக்குப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அதுதான் எனக்கு உறுத்தியது.

ஊருக்கும் உறுத்தியது. செங்கொடிக்காரர்களை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார் என்றார் மிராசுதாரின் காரியக்காரர். காரியக்காரருக்குத்தான் ஆள் காட்டிக் கொடுக்கிறார் என்றார்கள் எங்கள் தெருவில் சிலர். எங்களோடு இருந்த அத்தை இரண்டையும் நம்பினாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வாடி. அம்மாகிட்ட சொல்லாத" என்று அனுப்பினாள்.

பின்பக்க ஜன்னலில் ஏறிப் பார்த்தேன். உள்ளே வேறு யாரும் இல்லை. அப்பா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவில்லை. வேதப் புத்தகம் மூடியே கிடந்தது. வருவாரா மாட்டாரா என்று தெரியாத ஒருவருக்காக பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவரைப் போல இருந்தார். ஒரு மணி நேரம். எனக்குக் கால் மரத்துப்போனது.

அத்தையிடம் சொன்னேன். உபதேசியார் ஜெபிப்பதே இல்லை என்று மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் சபைப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். செத்துப்போன அண்ணனின் அப்பா அவர்.

"ஊரு பேசறது நெசங்களா?"

அப்பா மறுப்பார் என்று நினைத்தேன்.

"நெசந்தாங்க. உங்க மகனைப் பொதச்ச நாள்லேருந்து ஜெபம் வரல. வாயத் தொறந்தா கோவந்தான் வருது."

"அப்பறம் எதுக்குங்க தெனம் போறீங்க?"

"ஆண்டவரு இல்லன்னு சொல்லவும் மனசு வரலீங்க. ஒருவேளை அவரு அங்க இருந்து, நான் போகாம இருந்துடக் கூடாதில்ல."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். இனி வேலை போய்விடும் என்று அம்மா அழுதாள். என்னால்தான் எல்லாம் என்று நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மூன்று மணிக்குப் பார்த்தபோது கோயில் கதவு திறந்தே இருந்தது. பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசவில்லை, ஜெபிக்கவும் இல்லை.

எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. ஓடிப்போய், "அத்தை, அப்பா அவரையும் சேத்துக்கிட்டாரு" என்றேன்.

"எதுலடி?" என்று கேட்டாள் அத்தை.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.